நாலு லைனும் என்கேஜ்டு: கன்னியாகுமரி விடுதி ஒன்றின் டெலிபோன் சிக்னலிங் ஆய்வு

கார்த்திகை பிறந்தால் கன்னியாகுமரியில் சீசன். மாலை போட்ட சாமிமார் வேனிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கத் தொடங்கினால் தை பிறக்கும்வரை ஓயாது. அந்த நேரத்தில் விடுதியின் நாலு டெலிபோன் லைனும் மதியத்துக்குள் ஒவ்வொன்றாக என்கேஜ்டு ஆகி, சாயங்காலம் யார் கூப்பிட்டாலும் பிஸி டோன். வரவேற்பு மேசையில் ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. விடுதிக்குள் அழைப்புகளை இணைக்கும் சிறு எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸ் பெட்டியின் மின்சாரத்தை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகும். மறுநாள் மதியம் மறுபடியும் அதே கதை.

இங்கே வரும் விடுதி, கடற்கரை ஊர்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் பழுதுகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வரைந்த மாதிரி. அளவுகள் எல்லாம் கணக்கிட்டுச் சரிபார்க்கக் கூடியவை.

அமைப்பு சாதாரணமானது. எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலு அனலாக் லைன், 48 அறை இணைப்பு கொண்ட ஒரு இபிஏபிஎக்ஸ், அழைப்பை எடுத்து "அறை முன்பதிவுக்கு 1 அழுத்தவும்" என்று சொல்லும் குரல் அட்டை. ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் அழைப்புகள் மேலாளரின் மொபைலுக்குத் திருப்பிவிடப்படும். பின்னாளில், பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைனும் ஒன்று சேர்ந்தது. புகார்ப் புத்தகத்தில் இருந்தவை இவ்வளவுதான்: "நாலு லைனும் பிஸி. யாரும் பேசல." "3வது லைன் ஒரு மணி அடிச்சு நிக்குது, எடுத்தா ஆள் இல்ல." "மழை பேஞ்சா 3ல இரைச்சல்." "மொபைலுக்கு வெளியே கால் போகல."

நாலும் நாலு நோய். ஆனால் மூன்றுக்கு வேர் ஒன்று: ஒரு முனை சொன்ன சிக்னலை மறுமுனை வேறாகப் புரிந்துகொள்வது. அதைப் பார்க்க, ஒரு சோடிச் செம்புக் கம்பியால் என்னென்ன சொல்ல முடியும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பிக்குத் தெரிந்த சொற்கள்

எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு சோடிக்கும் 48 வோல்ட் டிசி கொடுக்கிறது. பேட்டரியின் நேர்முனை பூமியோடு சேர்ந்திருக்கும், கம்பி பூமியைவிட எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். இது வேண்டுமென்றே செய்தது. ஈரத்தில் மின்கசிவு ஏற்பட்டால் நேர்மின்னில் இருக்கும் செம்பு கரைந்து போகும், எதிர்மின்னில் இருப்பது தப்பிக்கும். உப்புக்காற்று அடிக்கும் முட்டத்திலும் குளச்சலிலும் இந்த ஒரு முடிவால் பிழைத்த கேபிள்கள் ஏராளம்.

ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது கம்பியில் டிசி ஓடாது. எடுத்தால் சுற்று மூடி 20 முதல் 40 மில்லி ஆம்பியர் ஓடும். எக்ஸ்சேஞ்ச் அதைக் கண்டு டயல் டோன் தரும். இந்தியாவில் அது 25 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும் 400 ஹெர்ட்ஸ் ஒலி. எண் சொல்ல இரண்டு வழி. பழைய சுழல் டயல், சுற்றை நொடிக்குப் பத்து முறை வெட்டி வெட்டிச் சேர்க்கும். ஒவ்வொரு வெட்டும் சுமார் 67 மில்லி விநாடி, சேர்ப்பு 33. பொத்தான் போனில் இரண்டு ஒலி சேர்ந்து ஒரு எண்: 697, 770, 852, 941 என்ற கீழ்வரிசையில் ஒன்று, 1209, 1336, 1477 என்ற மேல்வரிசையில் ஒன்று. "5" என்றால் 770ம் 1336ம்.

மணி அடிக்க, அதே டிசியின் மேல் 25 ஹெர்ட்ஸ் ஏசியைச் சுமார் 75 வோல்ட் அளவில் ஏற்றுவார்கள். 0.4 விநாடி மணி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4 மணி, பிறகு 2 விநாடி மௌனம். நம் ஊர் "டிரிங்-டிரிங்" இரட்டை மணி அதுதான். பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 விநாடி ஒலி, 0.75 விநாடி மௌனம். வழியில் நெரிசல் என்றால் அதே ஒலி 0.25க்கு 0.25 என்று வேகமாக வரும்.

அழைத்த எண்ணை மறுமுனை எடுத்தவுடன், அழைத்தவரின் கம்பியில் நேர், எதிர் முனைகளை மாற்றிப்போடும் வசதியும் எக்ஸ்சேஞ்சில் உண்டு. எஸ்டிடி பூத் காலத்தில் கட்டண மீட்டர் ஓடத் தொடங்கியது இந்த முனைமாற்றத்தை வைத்தோ 16 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை வைத்தோதான். காதுக்கு எட்டாத அந்தத் துடிப்பு, பேச்சின் நடுவே ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்றாக வந்துகொண்டிருக்கும்.

இத்தனையிலும் ஒன்றைக் காணோம். "எதிரே பேசியவர் வைத்துவிட்டார்" என்பதற்கு அனலாக் கம்பியில் தனிச் சொல் இல்லை. பிஸி டோன் வரும். மனிதன் அதைக் கேட்டு ரிசீவரை வைப்பான். இயந்திரத்துக்கு அதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பழுது: கேட்கத் தெரியாத காது

இபிஏபிஎக்ஸின் நிரலில் "துண்டிப்பு ஒலி" என்ற இடத்தில் 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து 0.5 விநாடி ஒலி, 0.5 மௌனம் என்று இருந்தது. அது வட அமெரிக்க பிஸி டோன். பெட்டியை ஆலை அமைப்புக்குத் திருப்பும்போது நாட்டுக் குறி மாறிவிடும், பலர் கவனிப்பதில்லை. கூடவே "கம்பி திறப்பு மூலம் துண்டிப்பு" என்பதும் இயங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகள், எதிர்முனை வைத்ததும் கம்பியின் மின்னோட்டத்தைக் கால் விநாடிக்கு மேல் நிறுத்திக் காட்டும். பெட்டி அதற்காகக் காத்திருந்தது. நம் எக்ஸ்சேஞ்ச் அப்படிச் செய்யாது.

நடந்தது இது. ஒருவர் கூப்பிடுகிறார், குரல் அட்டை எடுக்கிறது, அவர் "1" அழுத்தாமல் பாதியில் வைத்துவிடுகிறார். எக்ஸ்சேஞ்ச் பிஸி டோன் தருகிறது. பெட்டிக்குப் புரியவில்லை, பிடித்த லைனை விடவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு எக்ஸ்சேஞ்ச் அந்த லைனை ஓரமாக நிறுத்தி வைத்துவிடுகிறது. டோனும் இல்லை, மணியும் வராது. பெட்டி சுற்றைத் திறக்கும்வரை அந்த லைன் செத்த லைன். ஒரு லைன் பிஸி என்றால் அடுத்ததைத் தேடும் எண் தொடர்த் தேடலில், அடுத்த அழைப்பு 2வது லைனுக்குப் போகும், அங்கும் ஒருவர் பாதியில் வைப்பார். இப்படி நாலும் போக ஆனியில் இரண்டு நாள் ஆகும், சீசனில் அரை நாள் போதும். பழுது எப்போதும் இருந்தது, கூட்டம் அதைக் காட்டிக்கொடுத்தது.

திருத்தம் எளிது: 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி, 750 மில்லி விநாடி ஒலி, 750 மௌனம், இரண்டிலும் 10 விழுக்காடு விலகல் அனுமதி, மூன்று சுழற்சி கேட்டபின் துண்டிப்பு. நெரிசல் ஒலிக்கு 250, 250 என்று இன்னொரு வரிசை. ஒரே சுழற்சியில் துண்டிக்கும்படி வைக்கக் கூடாது. பேசுபவரின் பின்னால் லாரி ஹாரன் அடித்தால் அழைப்பு அறுந்துவிடும்.

பகல் பிரச்சினை இதோடு தீர்ந்தது. ராத்திரிப் பிரச்சினை தீரவில்லை.

ராத்திரியில் வெளியிலிருந்து வரும் அழைப்பு 1வது லைனில் வந்து, 4வது லைன் வழியாக மேலாளரின் மொபைலுக்குப் போகிறது. பேச்சு முடிந்து இருவரும் வைத்துவிடுகிறார்கள். இப்போது 1வது லைனிலும் பிஸி டோன், 4வது லைனிலும் பிஸி டோன். பெட்டிக்குள் இரண்டும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. இரண்டு டோன்களும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. ஒன்று மௌனமாக இருக்கும் 0.75 விநாடியில் மற்றது ஒலிக்க நேர்ந்தால், கேட்கும் காதுக்கு அது இடைவெளியே இல்லாத நீண்ட ஒலி. 750க்கு 750 என்ற தாளம் அங்கே இல்லை. நிரல் சரியாக இருந்தும் துண்டிப்பு நடக்காமல் போவதற்கு இதுதான் காரணம். ஒரு லைனை மட்டும் வைத்துப் பகலில் சோதிப்பவர் எத்தனை முறை சோதித்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும்.

இதற்கு மூன்று தடுப்பு வைக்க வேண்டும். வெளி-வெளி இணைப்புக்கு உச்ச நேரம் (இங்கே 10 நிமிடம்), அது தீரும்போது ஒரு எச்சரிக்கை ஒலி. ஒலி எந்த லைனிலிருந்து வருகிறது என்று தனித்தனியாகக் கேட்கும் வசதி பெட்டியில் இருந்தால் அதை இயக்குவது. மூன்றாவதுதான் உறுதியானது: எக்ஸ்சேஞ்சில் எழுதிக் கொடுத்து முனைமாற்ற வசதி வாங்குவது. மொபைல் எடுத்ததும் 4வது லைனில் முனை மாறும், அழைப்பு முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் திரும்புதலைத் துண்டிப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஆனால் இது வெளியே போகும் அழைப்புக்கு மட்டுமே உதவும். உள்ளே வரும் அழைப்புக்கு டோனை நம்பித்தான் ஆக வேண்டும்.

முனைமாற்றம் வந்த பிறகு கட்டணத் தகராறும் குறையும். அது இல்லாத பெட்டி, எண் அழுத்தி முடித்து இத்தனை விநாடி ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது என்று ஊகித்து அறைக் கணக்கில் எழுதும். எடுக்காத அழைப்புக்கும் பில் வரும்.

மோதலும் ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்ச் ஒரு லைனைப் பிடித்த கணத்துக்கும் முதல் மணி பெட்டிக்குக் கேட்கும் கணத்துக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறது. அதற்குள் அறையிலிருந்து ஒருவர் வெளி லைன் கேட்டால், பெட்டி அதே லைனைக் கொடுத்துவிடும். டயல் டோனுக்குக் காத்திருந்தவர் காதில் "ஹலோ, ரூம் இருக்கா?" என்று யாரோ கேட்பார்கள். எக்ஸ்சேஞ்ச் 1லிருந்து மேலே தேடுமானால், பெட்டியை 4லிருந்து கீழே தேடச் சொல்ல வேண்டும். மோதல் முழுதாகப் போகாது, நாலு லைனும் நிறையும் நேரத்துக்கு மட்டும் ஒதுங்கும்.

மூன்றாவது லைன்

மற்ற மூன்று லைனும் நிலத்தடி ஜெல்லி கேபிளில் வருகின்றன. 3வது மட்டும் வேறொரு கம்பத்துப் பெட்டியிலிருந்து, கடலோரமாகத் தொங்கும் டிராப் வயரில் வருகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து 3 கிலோமீட்டர், 0.5 மில்லிமீட்டர் செம்பு.

அந்தச் செம்பு ஒரு கம்பிக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 88 ஓம். போகவர 176. மூன்று கிலோமீட்டருக்கு 528 ஓம். எக்ஸ்சேஞ்சின் ஊட்டு மின்தடை 400 ஓம், போனோ பெட்டியோ 250 ஓம் என்று கொண்டால் மொத்தம் 1178. எப்போதும் சார்ஜரோடு சேர்ந்திருக்கும் மிதவை மின்னூட்டத்தில் பேட்டரி 50 வோல்ட் இருந்தால் 42 மில்லி ஆம்பியர் வர வேண்டும். இந்த லைனில் காய்ந்த நாளில் 25, மழை நாளில் 17.

வெறும் மின்னோட்டத்தை அளந்துவிட்டு "லைன் வீக்" என்று எழுதிப் போனால் பழுது எங்கே என்று தெரியாது. எக்ஸ்சேஞ்ச் பக்கம், வெளிக் கம்பிகள் வந்து சேரும் சட்டமான எம்டிஎஃப்பில் லைனைக் கழற்றி, விடுதிப் பக்கம் சோடியின் இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு கம்பியையும் பூமியை மூன்றாவது கம்பியாக வைத்துத் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு கம்பி 265 ஓம், எதிர்பார்த்தபடி. மற்றது 1100, அசைத்தால் ஏறி இறங்குகிறது. பச்சை பூத்த ஒரு முறுக்கு ஜாயிண்ட். இரண்டு கம்பியும் சமமாகக் கெட்டால் ஒலி குறையும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கெட்டால் இரைச்சல் வரும். பக்கத்து மின்கம்பி இரண்டு கம்பியிலும் 50 ஹெர்ட்ஸைச் சமமாகத் தூண்டும். சமமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சமன் குலைந்தால் மீதி காதில் ஹும் என்று கேட்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் உயரழுத்தக் கம்பிகளுக்கு இணையாகப் போகும் லைன்களில் இந்தப் புகார் அதிகம் வருவதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம்.

"ஒரு மணி அடிச்சு நிக்குது" என்பது இன்னொரு பழுது. மணி அடிக்கும்போது எக்ஸ்சேஞ்ச் டிசி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போனின் மணிச் சுற்றில் உள்ள கெபாசிட்டர் ஏசியை விடும், டிசியை விடாது. ரிசீவர் எடுத்தால் மட்டுமே டிசி ஓடும், ஓடினால் மணி நிற்கும், பேச்சு இணையும். டிராப் வயரின் உறை வெடித்து, சுவரில் லைன் வந்து முடியும் ரோசெட் பெட்டிக்குள் உப்பு ஈரம் ஏறி, இரண்டு கம்பிக்கும் நடுவே 4 கிலோஓம் கசிவு இருந்தால், 50 வோல்ட்டில் பத்து மில்லி ஆம்பியருக்குப் பக்கமாக டிசி ஓடும். உணர்ச்சி மிகுந்த எக்ஸ்சேஞ்ச் அட்டை அதை "எடுத்துவிட்டார்கள்" என்று படித்து மணியை நிறுத்திவிடும். கூப்பிட்டவருக்குக் கட்டணமும் ஓடும், எதிரே மௌனம்.

கசிவைக் காண, உயர் வோல்ட் கொடுத்து மின்காப்பை அளக்கும் மெகர் வேண்டும். மெகர் போடுமுன் இரு முனையிலும் லைனைக் கழற்றுவது கட்டாயம். 500 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டையிலோ பெட்டியிலோ ஏறினால் அட்டை போச்சு. எம்டிஎஃப்பில் உள்ள இடிதாங்கிக் குழலையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். சித்திரை, வைகாசி இடிமழையில் பலமுறை அடிவாங்கிய குழல் தானே கசியத் தொடங்கும், அதைக் கம்பியின் குற்றம் என்று நினைத்து மூன்று கிலோமீட்டர் நடந்தவர்கள் உண்டு. நல்ல சோடி மெகஓம் கணக்கில் காட்டும். 50 கிலோஓமுக்குக் கீழே போனால் இரைச்சல் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கச்சான் காற்று அடிக்கும் நாளில் இதே டிராப் வயர் ஆடும். தளர்ந்த ஜாயிண்ட் 60, 70 மில்லி விநாடி விட்டுப் பிடித்தால், துடிப்பு டயலை ஏற்கும் எக்ஸ்சேஞ்சுக்கு அது "1" என்ற எண். யாரும் தொடாத போன் எங்கோ கூப்பிடும். 112 போன்ற சிறு எண்ணுடைய அவசர மையங்களுக்கு ஆளில்லாத அழைப்பு வருவதற்கு உலகெங்கும் இப்படிப்பட்ட கம்பிகளும் ஒரு காரணம். துடிப்பு டயல் வேண்டாம் என்றால் எக்ஸ்சேஞ்சில் அந்த லைனுக்கு அதை நிறுத்தச் சொல்லலாம்.

செய்த வேலை: டிராப் வயர் முழுதும் மாற்றம், முறுக்கு ஜாயிண்டுகளுக்குப் பதில் ஜெல்லி நிறைத்த யூஒய் கனெக்டர், ரோசெட் பெட்டியைச் சுவரின் கடல் பார்த்த பக்கத்திலிருந்து உள்ளே மாற்றியது. பிறகு 41 மில்லி ஆம்பியர்.

அழைத்தவர் எண் தெரியாமல் போவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். எண், எக்ஸ்சேஞ்சைப் பொறுத்து, முதல் மணிக்கு முன்பு பொத்தான் ஒலிகளாக வரும், அல்லது முதல் இரட்டை மணிக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள மௌனத்தில் நொடிக்கு 1200 பிட் தரவாக வரும். குரல் அட்டை முதல் மணியிலேயே எடுத்தால் இரண்டாம் வகை எண் வரவே வழியில்லை. இரண்டு மணிக்குப் பிறகு எடுக்கச் சொன்னால் போதும்.

எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால்

விடுதியிலிருந்து மார்த்தாண்டத்துக்குக் கூப்பிட்டால் 04652 பகுதியிலிருந்து 04651 பகுதிக்குப் போக வேண்டும். இரண்டு எக்ஸ்சேஞ்சும் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன?

ஒரு காலத்தில் ஆர்2 முறை. நொடிக்கு 2048 கிலோபிட் ஓடும் இ1 வழியில் 32 நேரக்கூறுகள். 0 ஒத்திசைவுக்கு, 16 சிக்னலுக்கு, மீதி 30 பேச்சுக்கு. 16வது கூறில் ஒவ்வொரு பேச்சு வழிக்கும் நாலு பிட் ஒதுக்கி, 2 மில்லி விநாடிக்கு ஒரு முறை சுற்றி வருவார்கள். முன்னோக்கிய இரண்டு பிட் 1,0 என்றால் சும்மா இருக்கிறது. 0,0 ஆனால் பிடித்துவிட்டேன். எதிர்முனை 1,1 என்று ஒப்புக்கொள்ளும், எடுத்ததும் 0,1. எண்களோ பேச்சு வழியிலேயே ஒலியாகப் போகும். 1380 முதல் 1980 வரை 120 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஆறு ஒலி முன்னே, 1140 முதல் 540 வரை ஆறு ஒலி பின்னே. ஆறில் இரண்டு சேர்ந்தால் ஒரு சிக்னல், மொத்தம் பதினைந்து.

இதன் அழகு கட்டாய ஒழுங்கில் இருக்கிறது. "4" என்ற ஒலியை அனுப்பத் தொடங்கிய எக்ஸ்சேஞ்ச், எதிர்முனை "அடுத்தது அனுப்பு" என்று ஒலிக்கும்வரை நிறுத்தாது. நிறுத்தியதைக் கேட்ட பிறகே எதிர்முனையும் நிறுத்தும். அது நின்ற பிறகே அடுத்த எண். எந்த எண்ணும் தொலையாது. விலை நேரம்: ஒரு எண்ணுக்கு ஒலி நாலு முறை வழியைக் கடக்க வேண்டும். செயற்கைக்கோள் வழியில் ஒரு கடப்புக்கே கால் விநாடி என்பதால் ஒரு எண்ணுக்கு ஒரு விநாடிக்கு மேல் பிடிக்கும்.

பிறகு வந்த சிசிஎஸ்7 முறையில் சிக்னல் பேச்சு வழியை விட்டே வெளியேறியது. தனி வழியில் செய்திகள். முதல் செய்தியில் அழைக்கும் எண், அழைக்கப்படும் எண், எந்தச் சுற்று என்பதெல்லாம் ஒரே கட்டாகப் போகும். முகவரி முழுமை, எடுத்துவிட்டார், விடுவி, விடுவித்தேன் என்று அடுத்தடுத்த செய்திகள். "விடுவி" செய்தியில் காரண எண்ணும் இருக்கும்: 16 சாதாரண முடிவு, 17 பிஸி, 1 இல்லாத எண், 34 வழி இல்லை. ஆக எக்ஸ்சேஞ்சுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. விடுதியின் அனலாக் கம்பி வரை வந்ததும் அத்தனையும் சுருங்கி ஒரு டோனாகிவிடுகிறது. கடைசி மூன்று கிலோமீட்டர்தான் ஊமை.

பிஆர்ஐ வந்த பிறகு

பிஆர்ஐ என்பது அதே 2048 கிலோபிட் வழி. 30 பேச்சு வழி, 16வது கூறில் 64 கிலோபிட் செய்தி வழி. எதிர்முனை வைத்தால் "துண்டி, காரணம் 16" என்று சொல்லாகவே வரும். டோன் கேட்கும் வேலை இல்லை, லைன் தொங்கும் பழுது அன்றோடு முடிந்தது. வேறு வகைப் பழுதுகள் வந்தன.

இணைத்த முதல் நாள் விளக்கு பச்சை, ஆனால் அழைப்பு போகவில்லை. பதிவைத் திறந்தால் பெட்டி நொடிக்கு ஒரு முறை எஸ்ஏபிஎம்ஈ என்ற தொடக்கச் செய்தியை அனுப்புகிறது, யூஏ என்ற பதில் வரவில்லை. பெட்டி "நெட்வொர்க்" பக்கமாக அமைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்சேஞ்சும் நெட்வொர்க். பெட்டியை "யூசர்" என்று மாற்றியதும் செய்தி வழியைத் தொடங்கிவைக்கும் இரண்டாம் அடுக்கு எழுந்தது. பிட்டுகளில் பிழை பார்க்கும் சிஆர்சி4 சோதனை ஒரு முனையில் இருந்து மறுமுனையில் இல்லாமல் போவதும் இதே குழப்பத்தைத் தரும். ஆகவே லைன் கேட்கும்போதே அதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது கடிகாரம். பேச்சில் அவ்வப்போது சன்னமான "டிக்", ஃபேக்ஸ் பாதியில் விழுகிறது. பெட்டி தன் சொந்தக் கிரிஸ்டலில் ஓடியது. இரண்டு கடிகாரமும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினால் 125 விநாடிக்கு ஒரு ஃபிரேம், அதாவது 32 கூறின் ஒரு சுற்று, வழுக்கும். 25 பங்கு விலகினால் 5 விநாடிக்கு ஒன்று. பேச்சு தாங்கும், ஃபேக்ஸ் தாங்காது. கடிகாரத்தை லைனிலிருந்து எடுக்கச் சொன்னதும் வழுக்கல்களை எண்ணும் கணக்கு ஏறாமல் நின்றது. இந்தப் பிழையை மாதக்கணக்கில் "ஃபேக்ஸ் மெஷின் பழசு" என்று சொல்லித் தள்ளிப்போடுவது வழக்கம்.

மொபைலுக்குப் போகாத அழைப்புக்குக் காரணம் ஒரு பூஜ்யம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 சேர்த்தே அழுத்த வேண்டும். விடுதிப் பெட்டியில் வெளி லைன் எடுக்கவும் அதே 0. அறையில் இருப்பவர் 0 அழுத்தி மொபைல் எண்ணைப் போடுகிறார், பெட்டி அந்த 0ஐத் தின்றுவிட்டுப் பத்து இலக்கத்தை அனுப்புகிறது. அழைப்பு விழுகிறது. விருந்தினரிடம் "ரெண்டு சைபர் போடுங்க" என்று சொல்வதைவிட, பெட்டியின் வழித்தேர்வு அட்டவணையில் 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்கத்துக்கு முன்னால் 0 சேர்க்கச் சொல்வது நல்லது. ஆனால் லேண்ட்லைன் எண்களை அந்த விதி தொடாதபடி இலக்க எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளூர் எண் ஆறு இலக்கம், அதிலும் 6 முதல் 9 வரை தொடங்குபவை இருக்கலாம்.

எண்ணின் வகையும் தொல்லை தரும். செய்தியில் "தேசிய எண்" என்று குறித்தால் முன்னே 0 இருக்கக் கூடாது, "வகை அறியப்படாதது" என்று குறித்தால் 0 வேண்டும். இரண்டையும் கலந்தால் காரணம் 28, அதாவது எண்ணின் வடிவம் தவறு என்று திரும்பும், சில எக்ஸ்சேஞ்சில் காரணம் 1. நாலு அனலாக் லைன் காலத்தில் இப்படித் தவறினால் ஒரு டோன் கேட்டிருக்கும். இப்போது பதிவில் காரண எண் இருக்கிறது, பார்க்க வேண்டியதுதான்.

எண் அழுத்திய பின் ஐந்து விநாடி சும்மா இருக்கிறது என்ற புகார், பெட்டி இன்னும் இலக்கம் வருமோ என்று காத்திருப்பதால் வருவது. மொபைலுக்கு 11, உள்ளூருக்கு 6, 112க்கும் 108க்கும் 3 என்று நீளத்தை எழுதிக் கொடுத்தால் காத்திருப்பு போகும். "நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை" என்ற அறிவிப்பு கேட்காமல் வெறும் மௌனம் இருந்தால், எதிர்முனை எடுப்பதற்கு முன்பே குரல் வழியைத் திறக்கும் அமைப்பு பெட்டியில் மூடியிருக்கும். எக்ஸ்சேஞ்ச் "வழியில் ஒலி இருக்கிறது, கேள்" என்று குறிப்பு எண் 8ஐ அனுப்பும், பெட்டி அதைப் படித்துக் காதுக்கு விட வேண்டும்.

லிஃப்டுக்கு ஒரு செம்பு லைன்

கண்ணாடி இழை வந்ததும் நாலு அனலாக் லைனில் மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். இழை முடியும் ஓஎன்டி பெட்டியிலும் ஒரு போன் துளை இருக்கிறது. உள்ளே இணைய வழி அழைப்புக்கான எஸ்ஐபி செய்தி, வெளியே பழைய 48 வோல்ட் பாவனை. இங்கே நாட்டு அமைப்பு இந்தியா என்று இல்லாவிட்டால் முதல் பழுது அப்படியே திரும்பி வரும். பொத்தான் ஒலியைப் பேச்சோடும் அனுப்பி, தனிச் செய்தியாகவும் அனுப்பினால் எதிர்முனை "1" என்பதை "11" என்று படிக்கும். இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும்.

3வது லைனை மட்டும் வைத்துக்கொண்டார்கள், லிஃப்டின் அவசர போனுக்காக. செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து, 2 வோல்ட் செல் 24 சேர்ந்த அடுக்கிலிருந்து வருகிறது. விடுதியில் கரண்ட் போனாலும் அது பேசும். ஓஎன்டி, யூபிஎஸ் தீர்ந்ததும் அணைந்துவிடும். 2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்து, குமரி மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அந்த லைனைப் பெட்டி வழியாக எடுக்காமல் நேரே லிஃப்ட் போனுக்கே கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் ஒரு முறை லிஃப்டிலிருந்து கூப்பிட்டு, எடுத்த நிலையில் மின்னோட்டத்தை எழுதி வைக்க வேண்டும். 41லிருந்து 30க்கு இறங்கினால் கனெக்டர்களைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.